பிரதமர் ரோஜ்கார் யோஜனா: ஒரு லட்ச ரூபாய்க் கடன்

முத்ரா கடன் பற்றிப் பேசும் இன்றைய பிள்ளைகளுக்கு அதன் முன்னோடிகளைத் தெரியாது. 1983 சுதந்திர தினத்தன்று, படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான சுயதொழில் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடன் 25,000 ரூபாய் வரை. 1993 அக்டோபர் 2-இல், நரசிம்ம ராவ் ஆட்சியில், பிரதமர் ரோஜ்கார் யோஜனா வந்தது. ஒரு லட்சம் வரை கடன். சொத்து ஜாமீன் வேண்டாம். மானியம் 15 சதவீதம், அதிகபட்சம் 7,500 ரூபாய்.

அப்போது நான் வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். மாவட்டத் தொழில் மையத்தில் நேர்காணல் முடிந்து பட்டியல் வரும். ஜெராக்ஸ் கடை, எஸ்டிடி பூத், தையல், டூ வீலர் ஒர்க்‌ஷாப் என்று ஒரே மாதிரி விண்ணப்பங்கள். ஒரு தெருவில் மூன்று ஜெராக்ஸ் கடை எப்படிப் பிழைக்கும்? ஏற்கெனவே தொழில் பழகிய ஒர்க்‌ஷாப் பையன்கள் ஒழுங்காகத் தவணை கட்டினார்கள். கூட ஒருவனுக்கு வேலையும் கொடுத்தார்கள். செல்போன் வந்ததும் எஸ்டிடி பூத்கள் மூடின. கடன் பாக்கி மட்டும் நின்றது.

2008-இல் இத்திட்டம் இன்னொரு கிராமத் தொழில் திட்டத்துடன் சேர்ந்து பி.எம்.இ.ஜி.பி. ஆனது. பெயர் எதுவானாலும், கொடுத்த கடனையே கொடுத்த வேலையாக எழுதிவிட முடியாது. ஐந்து வருடம் கழித்துக் கடை திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் சரியான கணக்கு.