சங்கிலியும் மட்டமும்: வாவிக்கரையில் நில அளவையாளர் பணி

மட்டமான களப்பு என்பதே மட்டக்களப்பு என்றாயிற்று என்பாருளர். பெயராராய்ச்சி எவ்வாறாயினும், நிலத்தின் இயல்பு அதற்கு மாறன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் இம்மணல் நிலத்தில், ஒரு கட்டடம் நிலைப்பதும் சாய்வதும் கொத்தனாரின் கைத்திறனை மட்டும் பொறுத்தனவல்ல. அதற்கு முன்னரே அளவையாளர் குறிக்கும் இடத்தையும் மட்டத்தையும் பொறுத்தன.

போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பட்ட கோட்டை, திறந்த கடலோரத்தில் அன்றி வாவியினுள்ளே புளியந்தீவில் அமைந்தது. பகைவருக்கு அஞ்சித் தெரிந்த இடம் அலைக்கும் அரணாயிற்று. பிற்காலத்தில் அதனுள்ளே நெடுங்காலம் கச்சேரியும் இயங்கிற்று.

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 இல் தோன்றியது. ஆங்கிலேயர் கால அளவையாளரின் தலையாய கருவி, 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய சங்கிலி. காணி எவருடையது, பரப்பு எவ்வளவு என்பனவே அரசினர்க்கு முதன்மையாக வேண்டியிருந்தன. வாய்க்காலுக்கும் தெருவுக்கும் மட்டம் பார்த்தனர். வீட்டுக் காணிக்குப் பார்ப்பது அரிது. இன்றும் உறுதியோடு பெட்டியில் வைத்துப் போற்றப்படும் படங்கள் பலவற்றில் எல்லையுண்டு, பேர்ச்சஸ் கணக்குண்டு, உயரம் இல்லை. மேட்டுக் காணியும் பள்ளக் காணியும் காகிதத்தில் ஒன்றே.

இக்குறை 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வெளிப்பட்டது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய நாவலடியில் ஆழிப்பேரலை வீடுகளை வாரிச் சென்றது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரமோ இடிந்து வீழாமல் ஒருபுறம் சாய்ந்து நின்றது. அடியிலுள்ள மணலை நீர் அரித்துவிடின் மேலே எத்துணை வலிய கட்டு இருந்தும் பயனென்?

அதன்பின் அரசு வகுத்த எல்லை, தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீண்டும் சங்கிலிக் கணக்கே! 200 மீற்றருக்கு அப்பாலும் பள்ளம் பள்ளமே. நாவலடி போன்ற இடத்தில் அவ்வளவை அளந்தபின் குடியிருக்க எஞ்சும் நிலமும் சிறிது. மக்கள் முறையிட்டனர்; எல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. தூரத்தோடு உயரத்தையும் சேர்த்து வரைந்திருப்பின், தளர்த்தவேண்டிய இடமும் தளர்த்தலாகாத இடமும் அப்படத்திலேயே தெரிந்திருக்கும் என்பது எம் கருத்து.

கட்டட அனுமதி கோருவோர் இன்று நில அளவைப்படம் கொடுத்தல் வேண்டும். அதில் மட்டக்குறிகளையும் கேட்டுப் பெறுவோர் சிலரே. திணைக்களத்தார் சராசரிக் கடல்மட்டத்தினின்று கணித்து நாட்டிய மட்டக்கற்கள் உள்ளன. அண்மையிலுள்ள கல்லிலிருந்து மட்டக்கருவியாலும் அளவுகோலாலும் ஒரு வளவுக்கு உயரத்தைக் கொண்டுவருதல், பழகிய அளவையாளருக்குப் பெரும்பாலும் ஒரு பகற்பொழுது வேலை.