வருகைப் பதிவேட்டில் ஒரு பனி ஹாக்கி வீரர்



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் தனிச் செய்தியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பெயர் வேண்டாம். பள்ளி நாளிலிருந்து விளையாட்டை விடாதவர், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். இதயத் துடிப்பு சீராக இல்லை, இனி போட்டிகளில் இறங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "விட்டுவிட்டால் பயந்து ஒதுங்கியவன் என்று ஆகிவிடாதா?" என்று கேட்டார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். அதை எழுதும்போது நினைவுக்கு வந்த ஒரு மனிதரின் வரலாற்றை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் மரியோ லெமியூ. 1965 அக்டோபர் 5இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பிறந்தவர். அவர் தாய்மொழியான பிரெஞ்சில் 'ல மியூ' என்றால் 'மிகச் சிறந்தது' என்று பொருள். பெயருக்கும் ஆளுக்கும் இப்படிப் பொருத்தம் அமைவது அபூர்வம்.

ஹாக்கி என்றதும் உங்களுக்குத் தயான் சந்தும் நம் பாஸ்கரனும் நினைவுக்கு வருவார்கள். இது அந்த ஹாக்கி அல்ல. பனித்தரையில் சறுக்குக் காலணி அணிந்து ஆடுவது. பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு. கோல் காப்பாளரோடு ஓர் அணிக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். மோதல் ஆட்டத்தின் ஒரு பகுதி. முழு வேகத்தில் வருபவரைத் தோளால் இடித்துச் சுவரில் சாய்ப்பதற்கு விதியே இடம் தருகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் யாராலும் அந்த வேகத்தில் ஆட முடியாது, ஆகவே முக்கால் நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இதயத்துக்கு இவ்வளவு வேலை கொடுக்கும் ஆட்டம் அதிகம் இல்லை.

1984இல் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. நம் வீடுகளில் பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோயில்தான். அமெரிக்கா போய்வந்த பெற்றோர் யாரும் அந்தக் கோபுரத்தின் முன் நின்ற படத்தைக் காட்டாமல் விட்டதில்லை. ஆனால் அந்த ஊரை வளர்த்தது எஃகு. 1980களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, வேலை தேடி இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஹாக்கி அணியும் லீகிலேயே கடைசி இடத்தில் இருந்தது. அங்கே வந்து சேர்ந்த 19 வயதுப் பையன், பாஸ்டனில் தன் முதல் ஆட்டத்தில், தன் முதல் அடியிலேயே கோல் போட்டார். 1988-89இல் 85 கோல்கள், சக வீரருக்கு எடுத்துக்கொடுத்த கோல்கள் 114, ஆக 199 புள்ளிகள். அந்த எண்ணிக்கையைத் தாண்டியவர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவரே.

சாதனைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் ஆசிரியர் தொழிலில் இருந்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைவிட வருகைப் பதிவேடு அதிகம் சொல்லும். லெமியூவின் பதிவேட்டைப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 80 ஆட்டங்கள். 1990-91இல் அவர் ஆடியது 26. அடுத்து 64. அடுத்து 60. அடுத்து 22. 1994-95இல் ஒன்றுகூட இல்லை. பிறகு 70, 76. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பெயரே இல்லை. மறுபடி வந்து 43, 24, 67, 10. கடைசியாக 26. இப்படி ஒரு பதிவேட்டோடு ஒரு பையன் வகுப்பில் இருந்தால், வீட்டுக்கே போய் விசாரித்துவிட்டு வந்திருப்பேன்.

முதல் காரணம் முதுகு. முதுகெலும்பின் வட்டு பிதுங்கி 1990 ஜூலையில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு அந்த இடத்தில் தொற்று ஏற்பட்டு மாதக்கணக்கில் படுக்கை. அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்கள் போயின. திரும்பி வந்து, அதே பருவத்தில் அணிக்கு முதல் ஸ்டான்லி கோப்பையை வாங்கிக்கொடுத்தார். மறு ஆண்டும் கோப்பை வந்தது. குனிந்து காலணியின் கயிற்றைக் கட்ட முடியாத அளவுக்கு வலி இருந்த நாட்களில், அணியின் உதவியாளர் கட்டிவிடுவார். எழுந்து போய் ஆடிவிட்டு வருவார்.

இரண்டாவது காரணம் புற்றுநோய். 1993 ஜனவரியில், கழுத்தில் இருந்த கட்டி ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 27. அப்போது 40 ஆட்டங்களில் 104 புள்ளிகள் எடுத்து லீகில் முதலிடத்தில் இருந்தார். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. மார்ச் 2ஆம் தேதி காலையில் கடைசிக் கதிர்வீச்சு. அதை முடித்துக்கொண்டு விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா போய், அன்று இரவே களத்தில் இறங்கி ஒரு கோல் போட்டார், இன்னொன்றுக்கு எடுத்துக்கொடுத்தார். ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் எதிரணிக்காரரை வசைபாடுவதில் பேர்போனவர்கள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இல்லாத நாட்களில் பஃபலோ அணியின் பாட் லஃபோன்டைன் 12 புள்ளிகள் முந்தியிருந்தார். பருவம் முடியும்போது லெமியூ 160, லஃபோன்டைன் 148.

ஊக்கமூட்டும் பேச்சாளர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். காலையில் கதிர்வீச்சு, இரவில் கோல் என்று சொன்னால் அரங்கம் கைதட்டும். எனக்கு அந்தக் கதையை அங்கே நிறுத்துவதில் உடன்பாடு இல்லை. அடுத்த பருவத்தின் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 22. இன்னொரு முதுகு அறுவை சிகிச்சை. அதற்கடுத்த பருவம் முழுவதும் விடுப்பு. சிகிச்சைக்குப் பின் வந்த களைப்பு தீரவில்லை என்று அவரே சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார். மார்ச் 2 எல்லோருக்கும் தெரியும். அந்த விடுப்பு ஆண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் விடுப்பு முடிந்து வந்தவர் 70 ஆட்டங்களில் 161 புள்ளிகள் எடுத்தார்.

1997இல் முதல்முறை ஓய்வு பெற்றார். வயது 31. அந்தப் பருவத்திலும் புள்ளிப் பட்டியலில் அவர்தான் முதலிடம், ஆறாவது முறையாக! உடம்பு ஒரு காரணம் என்றால், ஆட்டம் போன போக்கு இன்னொன்று. திறமையுள்ளவரைக் கையாலும் மட்டையாலும் கொக்கிபோட்டு இழுத்து நிறுத்துவதை நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். அதை அவர் பல ஆண்டுகளாக வெளிப்படையாகக் கண்டித்துவந்தார், அதற்காக அபராதமும் கட்டினார். புகழரங்கில் சேர்க்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்காக அதைத் தளர்த்தி அந்த ஆண்டே சேர்த்தார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். 1998இல் அணி திவாலானது. ஒத்திவைத்த சம்பளமாக அவருக்கே 3 கோடி டாலருக்கு மேல் பாக்கி. வாங்க முடியாத கடனைப் பங்காக மாற்றிக்கொண்டு, வேறு முதலீட்டாளர்களையும் சேர்த்து, 1999இல் அணியின் உரிமையாளரானார். இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாக்கியை மீட்க வேறு நல்ல வழி இல்லை என்பதும் உண்மை. அணி வேறு ஊருக்குப் போகாமல் நின்றதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

2000 டிசம்பர் 27 அன்று மீண்டும் களமிறங்கினார். முதலாளியே வீரர்! டொராண்டோவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் 33ஆவது வினாடியில் யாகருக்கு ஒரு கோல் எடுத்துக்கொடுத்தார். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் கனடாவின் தலைவர். இறுதியாட்டத்தில் தன்னை நோக்கி வந்த வட்டை அடிப்பதுபோல் பாவனை காட்டி, கால்களுக்கிடையே விட்டுவிட்டார். பின்னால் நின்ற பால் கரியா கோல் போட்டார். தொடாமலே எடுத்துக்கொடுத்த அந்தக் கோலுக்குப் புள்ளி கிடையாது. கனடாவுக்கு 50 ஆண்டுகளுக்குப் பின் ஆடவர் தங்கம் கிடைத்தது. ஆனால் இடுப்பு மூட்டு படுத்திய பாட்டில் அந்தப் பருவத்தில் லீகில் அவர் ஆடியது 24 ஆட்டங்களே.

இனிதான் மனசை உறுத்தும் பகுதி. 2004-05இல் சம்பளத் தகராறில் லீக் முழுப் பருவத்தையும் ரத்து செய்தது. 2005இல் மறுபடி தொடங்கியபோது, கொக்கிபோட்டு இழுப்பதற்குக் கடுமையான தண்டனை என்று அறிவித்து, அதை நடைமுறையிலும் காட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளாக லெமியூ எந்த ஆட்டத்தைக் கேட்டாரோ அந்த ஆட்டம் கடைசியில் வந்துவிட்டது. அவருக்கு 40 வயது ஆகியிருந்தது.

அதே ஆண்டு சிட்னி கிராஸ்பி என்ற 18 வயதுப் பையன் அணிக்கு வந்தான். ஊர் புதிது என்பதால் லெமியூ தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் தங்கிப் படித்தவர்களை உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள், ஏறக்குறைய அப்படி. இருவரும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்க ஊரே காத்திருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் துடிப்பு தாறுமாறாகி மருத்துவமனையில் சேர்ந்தார். மேலறை நடுக்கம் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென்று துடிப்பது. படியேறினாலே மூச்சு வாங்கும், தலை லேசாகும். இரத்தம் தேங்கி உறைந்தால் பக்கவாதம் வரலாம் என்பதால், பலருக்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு சுவரில் மோதும் ஆட்டம் ஆட முடியாது. லெமியூ மருந்தோடு டிசம்பர் 16 அன்று பஃபலோவுக்கு எதிராக இறங்கிப் பார்த்தார். ஆட்டத்தின் நடுவிலேயே துடிப்பு மறுபடி தவறியது. அதன்பின் அவர் ஆடவில்லை.

2006 ஜனவரி 24 அன்று ஓய்வை அறிவித்தார். அவருடைய எண்ணிக்கை 915 ஆட்டம், 690 கோல், 1723 புள்ளி. முன்புபோல் ஆட முடியவில்லை என்றும், இது இனி வேகமான இளைஞர்களின் ஆட்டம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். முதுகு வலித்தபோது கயிறு கட்ட ஒருவர் இருந்தார். இடுப்பு வலித்தபோது ஊசி இருந்தது. இதயத்துக்கு அப்படி எதுவும் செய்துகொள்ள முடியவில்லை. அவர் விட்ட நேரத்தையும் பாருங்கள். அணி தோற்றுக்கொண்டிருந்தது, பருவம் பாதியில் இருந்தது, அரங்கம் 1961இல் கட்டிய பழசு, அணியை விற்பதாகவும் அந்த மாதம்தான் அறிவித்திருந்தார்கள். கௌரவமான ஒரு முடிவுக்காக இன்னும் 20 ஆட்டங்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் மார்ச் 2ஐவிட இந்த ஜனவரி 24தான் பெரிய நாள். ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய அரங்கத்துக்கு ஒரு சூதாட்ட விடுதி உரிமத்தை நம்பியிருந்தார்கள். 2006 டிசம்பரில் உரிமம் வேறு நிறுவனத்துக்குப் போனது. விற்பனையும் முறிந்தது. புதிய அரங்கம் கட்டிக்கொண்டிருந்த கன்சாஸ் சிட்டி அணியை அழைத்தது, லெமியூவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 2007 மார்ச்சில் மாநில அரசோடும் நகரத்தோடும் ஒப்பந்தம் ஆகி, அணி பிட்ஸ்பர்க்கிலேயே நின்றது. கிராஸ்பி 2010 வரை அவர் வீட்டில்தான் இருந்தார். இதற்கிடையில் 2009இல் அணித் தலைவராக ஸ்டான்லி கோப்பையையும் வாங்கிவிட்டார்.

2010 அக்டோபர் 7 அன்று புதிய அரங்கில் முதல் ஆட்டம். எதிரணி ஃபிலடெல்ஃபியா. ஆட்டம் தொடங்குமுன் கோட்டு அணிந்த லெமியூ நடுக்களத்துக்கு வந்தார். கையில் ஒரு சிறு குப்பி. பழைய அரங்கின் பனியை உருக்கி எடுத்துவைத்த தண்ணீர் அதில் இருந்தது. அதைப் புதிய பனியின்மேல் ஊற்றிவிட்டு வெளியே போனார். அன்றைய ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் 2-3 என்று தோற்றது.