மிதிவண்டியில் ஒரு வரலாற்றுப் பாடம்: பிரேசர் மலை



கடந்த பள்ளி விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு மிதிவண்டியில் சென்று வந்தேன். தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மகிழுந்தில் சென்றால் ஒரு மணி நேரத்துப் பயணம். எங்களுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் பிடித்தது. ஆயினும், மகிழுந்தில் பலமுறை சென்றும் கண்ணில் படாத பலவற்றை அன்றுதான் கண்டேன். வரலாற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடம் மாறிய ஊர்

பயணம் தொடங்கும் கோலகுபு பாருவே ஒரு பாடம். ‘குபு’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு அரண் என்று பொருள். ‘பாரு’ என்றால் புதியது. அப்படியென்றால் பழைய கோலகுபு எங்கே?

ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த பழைய அணை 1883 அக்டோபர் 29 அன்று உடைந்தது. வெள்ளம் ஊரை அழித்தது. அங்கே பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர்மக்கள் சொல்லும் கதை இன்றும் வழங்குகிறது. மாணவர்களிடம் இக்கதையைச் சொல்லுங்கள். கதை எது, சான்று எது என்று பிரித்தறிய நல்ல பயிற்சியாகும்.

மீண்டும் எழுந்த ஊரையும் வெள்ளம் விடவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மணல் ஆற்றை மேடாக்கியதால் வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. இறுதியில், அரசாங்க நகரத் திட்டமிடுநராக இருந்த சார்லஸ் ரீட் 1920களில் ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி ஊர் மேட்டு நிலத்திற்கு மாற்றப்பட்டது. கடைத்தெரு ஒருபுறம், குடியிருப்பு ஒருபுறம், இடையே பசுந்திடல் என அமைந்த ‘பூங்கா நகர்’ அது. காலையில் அதன் தெருக்களை மிதிவண்டியில் ஒரு சுற்றுச் சுற்றினாலே அந்த ஒழுங்கு புரிந்துவிடும்.

கால்கள் அறியும் சரிவு

ஊரைக் கடந்ததும் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் தெரியும். 2000களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இவ்வணைக்காக, தெமுவான் பழங்குடி மக்களின் இரு கிராமங்கள் வேறிடத்திற்கு மாற்றப்பட்டன. நம் வீட்டுக் குழாயில் வரும் நீருக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அந்த நீர்ப்பரப்பு நினைவூட்டியது.

அங்கிருந்து மலைச்சாலை தொடங்குகிறது. சிலாங்கூரையும் பகாங்கையும் மலைத்தொடரின் வழியே இணைக்க 1890களில் போடப்பட்ட தடம் இது. வளைவுகளுக்கு முடிவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ‘கேப்’ என்றழைக்கப்படும் கணவாய்வரை, முப்பது கிலோமீட்டருக்கு மேல், எந்த இடத்திலும் சரிவு செங்குத்தாக இல்லை. பழக்கமில்லாத என் கால்களே தாங்கின. பொறியியல் படித்த நண்பர் அதன் காரணத்தை விளக்கினார். இது மகிழுந்துக்காகப் போடப்பட்ட தடமன்று, மாட்டு வண்டிக்காகப் போடப்பட்டது. பாரம் இழுக்கும் மாடுகள் மூச்சு வாங்காமல் ஏறவேண்டுமானால் சரிவு மென்மையாக இருத்தல் வேண்டும். அதற்காகவே சாலை மலையைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது.

மகிழுந்தில் அமர்ந்திருப்பவருக்கு இந்த வளைவுகள் தலைசுற்றலை மட்டுமே தரும். மிதிப்பவருக்கு அவை நூறாண்டுக்கு முந்திய ஒரு கணக்கைச் சொல்லித் தருகின்றன.

56ஆம் மைலை ஒட்டிய வளைவு

கேப் செல்லும் வழியில்தான் 1951 அக்டோபர் 6 அன்று மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அவசரகாலம் நடைமுறையில் இருந்த காலம் அது. ஓய்வுக்காகப் பிரேசர் மலைக்குத் துணைவியாருடன் சென்றுகொண்டிருந்தவரைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் ஒரு வளைவில் மறித்துத் தாக்கினர். அவர் வண்டியிலிருந்து இறங்கி நடந்தார். குண்டுகள் அவரைச் சாய்த்தன. வண்டிக்குள் பதுங்கியிருந்த துணைவியார் உயிர் பிழைத்தார். பினாங்கின் கர்னி டிரைவ் இவர் பெயரால் அமைந்ததே.

இதே உலு சிலாங்கூர் மாவட்டத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1948 டிசம்பர் 12 அன்று, பத்தாங் காலிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். விசாரணை வேண்டி அவர்களின் குடும்பத்தினர் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர்; 2015இல் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. கர்னியின் பெயரைக் கேட்டவுடன் சொல்லும் மாணவர்கள் என் வகுப்பில் உண்டு. அந்த 24 பேரில் ஒருவர் பெயரையும் அவர்கள் அறியார். நானும் அவற்றைக் கற்பித்ததில்லை.

மலைமேல் ஒரு சிற்றூர்

கேப்பிலிருந்து மலையுச்சிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். சரிவு இங்கேதான் கடுமையாகிறது. ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய குறுகிய சாலை என்பதால், குறிப்பிட்ட நேரத்தில் ஏறுவோரையும் அடுத்த நேரத்தில் இறங்குவோரையும் விடும் வாயில்முறை இங்கு நெடுங்காலம் இருந்தது. இரண்டு இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லூயி ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் இம்மலையில் ஈயம் எடுத்தார். சீனத் தொழிலாளர்கள் தோண்டிய ஈயத்தைக் கோவேறு கழுதைகள் கீழே சுமந்து சென்றன. பின்னர் ஒருநாள் அவர் சுவடே இல்லாமல் மறைந்துபோனார். அவரைத் தேடி 1917இல் சிங்கப்பூர் ஆயர் பெர்குசன்-டேவி மலையேறினார். ஆள் கிடைக்கவில்லை, குளிர்ந்த காற்று கிடைத்தது. வெப்பத்தாலும் மலேரியாவாலும் நலிந்த ஐரோப்பியருக்கு ஏற்ற ஓய்விடம் இது என்று அவர் பரிந்துரைத்தார். 1919இல் வேலை தொடங்கி, 1922இல் மலை வாசத்தலம் திறக்கப்பட்டது. கேமரன் மலை வளர்வதற்கு முந்திய காலம் அது.

மேலே மிதிவண்டிப் பயணம் இன்பமானது. கொடி படர்ந்த கல் மணிக்கூண்டைச் சுற்றிப் பழைய அஞ்சலகமும் காவல் நிலையமும் உள்ளன. அங்கிருந்து கிளைக்கும் சாலைகளில் கருங்கல் பங்களாக்கள் மூடுபனிக்குள் தோன்றித் தோன்றி மறைகின்றன. பழைய ஈயச் சுரங்க நிலம் இன்று கோல்ப் திடல். ஜெரியாவ் அருவிக்குச் செல்லும் இறக்கத்தில் பறவை ஒலிகளைக் கேட்டுக்கொண்டே போகலாம். 1988 முதல் அனைத்துலகப் பறவை காணும் போட்டிக்குப் பெயர்பெற்ற மலையல்லவா! திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாகிவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

பலகையில் இல்லாதவர்கள்

மணிக்கூண்டின் அருகே தேநீர் அருந்தியபோது, எங்களுடன் வந்த நண்பரின் மகன், படிவம் ஒன்று மாணவன், ஒரு கேள்வி கேட்டான்.

“சார், பிரேசர் காணாமல் போயிட்டார். அப்புறம் இந்த ரோட்டைப் போட்டது யாரு?”

அரசாங்கம் என்று சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். மலைப்பாதைகளின் பலகைகளில் ஹெம்மன்ட், மேக்ஸ்வெல், பிஷப் என்று பெரும்பாலும் துரைமாரின் பெயர்கள். கல் உடைத்தவர், மண் சுமந்தவர், மழையில் சரிந்த சாலையை மறுபடியும் வெட்டியவர் பெயர் எதுவும் என் கண்ணில் படவில்லை. அக்காலப் பொதுப்பணித் துறையும் இரயில்வேயும் தென்னிந்தியத் தொழிலாளர்களைப் பெருமளவில் வேலைக்கு அமர்த்தின என்பது நாமறிந்த வரலாறு. ஆனால் நாம் ‘ரப்பர் தோட்டம்’ என்ற ஒரே சொல்லில் நம் முன்னோர் கதையை முடித்துவிடுகிறோம்.

என் தாத்தாவும் சாலைத் தொழிலாளிதான். ‘ரோட்டு வேலை’ என்று வீட்டில் சொல்வார்கள். எந்தச் சாலை, எத்தனை ஆண்டுகள், நாட்கூலி எவ்வளவு? நான் கேட்டதே இல்லை. அவர் வலக்கை விரல் ஒன்று வளைந்தே இருக்கும். கல் விழுந்ததால் என்பார் பாட்டி. அதற்கு மேல் எனக்குத் தெரியாமலே இருவரும் மறைந்துவிட்டனர். பதினெட்டு ஆண்டுகளாக வரலாறு கற்பிக்கும் ஆசிரியன், தன் வீட்டு வரலாற்றைக் கேட்டு எழுதவில்லை. மாணவனின் கேள்விக்கு முன் இதை எண்ணி வெட்கினேன். அவனிடம் மறைக்காமல் இதையே சொன்னேன்.

“எங்க தாத்தா இன்னும் இருக்காரு சார்” என்றான் அவன்.

ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ எண்பது வயதைக் கடந்த ஒருவர் இருப்பார். பிள்ளையை அவர் அருகே உட்காரச் செய்யுங்கள். என்ன வேலை செய்தீர்கள், எங்கே தங்கினீர்கள், கூலி எவ்வளவு, கருவிகளை என்ன பெயரிட்டு அழைத்தீர்கள் என்ற நான்கு கேள்விகள் போதும். விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யலாம்.

ஆசிரியர்களே, மலைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. பள்ளியின் முன்னால் செல்லும் சாலையிலிருந்தே தொடங்கலாம். அதன் பெயர் என்ன, எப்போது போடப்பட்டது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று மாணவர்கள் விசாரித்து வரட்டும்.

அந்த மாணவன் சென்ற வாரம் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். அவன் தாத்தா இளமையில் லாரியில் கருங்கல் ஏற்றியவராம். எழுத்துப்பிழைகள் பல இருந்தன. சிவப்பு மையால் திருத்தாமல், ‘மேலும் கேட்டு எழுது’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன்.