பழுதான பெட்டியில் பழுதுறாத பாகம்

மலேசியாவில், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஜெஞ்சாரோம் என்னும் சிற்றூரின் பெயர், 2018ஆம் ஆண்டில் தூரதேசத்துப் பத்திரிகைகளிலும் அச்சேறியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சீன தேசம் 24 வகைக் கழிவுப் பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்யவே, மேலை நாடுகளின் பிளாஸ்டிக் குப்பை கிள்ளான் துறைமுகத்தின் வழியாக இந்தப் பிரதேசத்தில் வந்து குவிந்தது; அனுமதியில்லாத ஆலைகள் கோல லங்காட் மாவட்டத்தில் மட்டும் 30க்கு மேல் முளைத்தன; பயன்படாததை இரவில் எரித்த புகை ஜனங்களின் சுவாசத்தை வருத்தியது. ஊரார் ஒன்றுகூடி முறையிட்ட பிறகே ஆலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதத்தில், 60 கொள்கலன்களில் அடைத்த சுமார் 3,000 டன் குப்பையைத் திருப்பி அனுப்பப்போவதாக அரசாங்கம் அறிவித்தது.

இந்த வரலாற்றைப் பலர் எழுதிவிட்டார்கள். இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், கழிந்த பொருளைக் குவியலாகப் பாராமல், அதற்குள் எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று பகுத்தறிந்த ஒரு சிறு தொழிலுக்கும் சரித்திரம் உண்டு. அதை எழுதியவர்கள் குறைவு. பழுதான ரிசீவர் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரையும் வெளியீட்டுப் பலகையையும் எடுத்து, தனித்து இயங்கும் பவர் ஆம்பிளிஃபையராக ஆக்கிக்கொள்ளும் வித்தையே அது.

ஒலியைப் பெருக்கும் சாதனம் நம் ஜனங்களுக்கு முதலில் அறிமுகமானது வீட்டுக் கூடத்தில் அன்று, கோயில் வாசலில்தான் என்பது என் கருத்து. 1946இல் ரேடியோ மலாயா ஸ்தாபிக்கப்பட்டு, 1959இல் அதன் தலைமையிடம் கோலாலம்பூருக்கு வந்து, தமிழ் நிகழ்ச்சிகள் தோட்டப்புற லயங்களிலும் ஒலித்த காலத்தில், பல தோட்டங்களில் மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரமே கிடைத்தது. ஆனால் திருவிழா வந்துவிட்டால், மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும், வால்வுகள் செவ்வொளி வீசும் ஆம்பிளிஃபையரும், அதன் அருகே வேறெவரையும் நெருங்கவிடாமல் அமர்ந்திருக்கும் ‘மைக் செட்’காரரும் இல்லாமல் விழா நடக்காது. ஒரு வால்வு போனால் பட்டணம் சென்று வாங்கிவர வேண்டுமாதலால், பழைய பெட்டிகளைக் கழற்றி உதிரிகளைச் சேமித்துவைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இயல்பாகவே படிந்தது.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1956இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த எச்.சி. லின் என்பார், கனத்த வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே டிரான்சிஸ்டரால் ஸ்பீக்கரை நேரே இயக்கும் சுற்றை வெளியிட்டார். பின்வந்த பெட்டிகளில் மிகப் பல அந்த அமைப்பின் வம்சத்தைச் சேர்ந்தவையே. 1970களில் பயனியர், சான்சுயி, கென்வுட் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் வாட் கணக்கில் ஒன்றையொன்று மிஞ்ச முயன்றன. பொய்யான வாட் எண்களைக் கண்டித்து அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதி இயற்றியது: ஆம்பிளிஃபையரை அறிவித்த திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பின்னரே அதன் திறனை அளக்க வேண்டும். அந்த உஷ்ணத்தைத் தாங்கும்பொருட்டு ஹீட்சிங்க் பெருத்தது, டிரான்ஸ்ஃபார்மர் கனத்தது. வாஷிங்டனில் எழுதிய சட்டத்தின் பலனைப் பல வருஷங்கள் கழித்துப் கோலாலம்பூரின் புடு வட்டாரத்து ரிப்பேர்க்காரர் தம் கையில் பாரமாக உணர்ந்தார் என்பது எனக்கு மிகவும் உவப்பான விஷயம்.

ரிசீவர் சாவதும் அந்தப் பாரமான பாகத்தால் அன்று. ஹெச்.டி.எம்.ஐ. பலகை, திரை, கட்டளையிடும் சிறு சிப் ஆகிய புதியவை முதலில் கெடுகின்றன. அல்லது காலத்துக்கு ஒவ்வாமல் போகின்றன. டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பெரிய கப்பாசிட்டர்கள், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஆகிய பழையவை பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

அவற்றைப் பிரித்தெடுப்பவர் முதலில் செய்வது பொறுமையாகக் காத்திருப்பது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், ஒரு ரெசிஸ்டரின் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பின்னரே கைவைப்பார். பிறகு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் இடத்துக்கு அப்பால், வெளியீட்டுப் பலகைக்குள் சிக்னல் நுழையும் புள்ளியைத் தேடுவார்; பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் அந்த இடமே இரு ஜாக்குகளாக வெளியே தெரியும், அவற்றை இணைத்திருக்கும் சிறு கம்பியை உருவினால் போதும். இல்லாவிடில் தடத்தை வெட்டி, உறையிட்ட வயரைப் பற்றவைத்து, எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும்; பிசகினால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்கும். முதன்முறை 240 வோல்ட்டில் உயிரூட்டும்போது குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைப்பார்: அது ஒரு கணம் மின்னி மங்கினால் நலம், நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். கடைசியாக, ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் சில பத்து மில்லிவோல்ட்டுக்குமேல் இல்லை என்று கண்ட பின்னரே ஸ்பீக்கரை மாட்டுவார். அதைக் காக்கும் ரிலேயைத் தொல்லை என்று கழற்றி எறிபவர்களை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு டிரான்சிஸ்டர் போனால் ஸ்பீக்கரின் சுருள் எரிந்துபோகாமல் தடுப்பது அதுவே.

ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பெட்டியானால் இன்னொரு சங்கடம்: அதன் டிரான்ஸ்ஃபார்மர் 100 வோல்ட்டுக்கு உரியது, இந்நாட்டு மின்சாரத்தை நேரே கொடுத்தால் புகைதான் மிஞ்சும். உதிரி டிரான்ஸ்ஃபார்மரும் டிரான்சிஸ்டரும் தேடிச் செல்வோருக்குப் புடுவின் ஜாலான் பசார் கடைகள் நெடுங்காலமாக அடைக்கலம். பழைய பெட்டிகளோ, ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருத் தெருவாகச் செல்லும் வேன்களிலும் ஏறிவிடுகின்றன.

2005ஆம் ஆண்டின் விதிகள் மின்னணுக் கழிவை எஸ்.டபிள்யூ. 110 என்னும் எண்ணில் அபாயக் கழிவாக வகுத்து, அதைக் கையாள்வதற்கு உரிமம் வேண்டும் என்றன. ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் மண்ணில் கலப்பதை எண்ணினால் அது நியாயமே. ஜெஞ்சாரோமின் புகையைச் சுவாசித்தவர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் உரிமம் பெற்ற ஆலையிலும் பெட்டி நொறுக்கப்பட்டுச் செம்பும் அலுமினியமும் எடையாகத்தான் பிரிகின்றன; நொறுக்குமுன் மீட்டர் பிடித்த ஒருவர் அதைத் திறந்து பார்க்கும் ஏற்பாடும் வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் டி வகைச் சிப் ஒன்றும் இலேசான சுவிட்சிங் சப்ளையும் ஒரே பலகையில் அமர்ந்துவிட்டதால் தனியே எடுத்துக்கொள்ளத்தக்க பாகம் அரிதாகிவருகிறது. எனவே விஷயம் அறிந்தவர்கள் பழைய பெட்டியை விலை பேசுமுன் ஒரு கையால் தூக்கிக் கனம் பார்க்கிறார்கள்.