உறுதிமொழியை மறுத்த ஆசிரியர்

இத்தாலிய மொழியில் டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வை ஆக்கித் தந்தவர்களுள் ஒருவர், பிறப்பால் இத்தாலியர் அல்லர். 1909 ஏப்ரல் 4 அன்று, அந்நாளில் ரஷ்யப் பேரரசின் துறைமுக நகராயிருந்த ஒடெஸ்ஸாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த லெயோனே கின்ஸ்புர்க் அவர். முதல் உலகப் போர் மூண்டபோது இத்தாலியில் இருந்த அச்சிறுவனைத் தாயகத்துக்கு அழைத்துச் செல்ல இயலாமற் போயிற்று. கடற்கரை ஊரான வியரெஜ்ஜோவில் அவன் வளர்ந்தான். இவ்வாறு தற்செயலாய் வாய்த்த நாடொன்றை, பின்னாளில் அவர் ஆய்ந்து தெரிந்தே தம் நாடாக ஏற்றுக்கொண்டார்.

தூரின் நகரின் மாசிமோ தசேல்யோ பள்ளி அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அங்கே இலக்கியம் கற்பித்த அவுகுஸ்தோ மோந்தி, பாடநூலைக் கடந்து மாணவரைச் சிந்திக்கப் பழக்கியவர். செசாரே பவேசே, நொர்பேர்த்தோ பொப்பியோ, மாசிமோ மீலா முதலியோர் அப்பள்ளியில் உருவான நட்பு வட்டத்தினர். பின்னாளில் ஒருவர் கவிஞராகவும் ஒருவர் சட்டத் தத்துவ அறிஞராகவும் ஒருவர் இசைத் திறனாய்வாளராகவும் புகழ்பெற்றனர். அவ்வட்டத்தின் நடுவில், வயதுக்கு மீறிய நிதானத்தோடு விளங்கியவர் லெயோனே. பள்ளிப் பருவத்திலேயே கோகோலின் 'தராஸ் புல்பா'வை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார்.

முசோலினியின் ஆட்சி வேரூன்றிய காலம் அது. நண்பர் சிலர் மறைவில் எதிர்ப்பு வேலைகளில் இறங்கினர். லெயோனேயோ ஒதுங்கியே நின்றார். அச்சத்தால் அன்று, அயல்நாட்டவர் ஒருவர் இன்னொரு நாட்டின் அரசியலில் தலையிடுதல் முறையன்று என்பது அவர் கருத்து. 1931இல் இத்தாலியக் குடியுரிமை கிடைத்த பின்னரே அவர் அரசியலில் அடியெடுத்து வைத்தார். குடியுரிமையைச் சலுகையாகக் கொள்வோர் பலர். அதைக் கடமையின் தொடக்கமாகக் கொண்டவர் இவர். 1932இல் பாரிஸ் சென்றபோது, அங்கே நாடு கடந்து வாழ்ந்த கார்லோ ரோசெல்லியின் 'நீதியும் சுதந்திரமும்' இயக்கத்தோடு தொடர்பு கொண்டார். தூரின் கிளையின் முதன்மையாளருள் ஒருவரானார்.

அதே ஆண்டின் இறுதியில் ரஷ்ய இலக்கியம் கற்பிக்கும் தனி விரிவுரையாளர் தகுதி அவருக்குக் கிட்டியது. அப்போது வயது இருபத்து மூன்று. ஆனால் அந்த மேடை நெடுநாள் நிலைக்கவில்லை. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க வேண்டுமென ஆணை பிறந்தது. ஏறத்தாழ 1,200 பேருள் மறுத்தவர் பன்னிருவர் அளவினரே. ஊதியம், ஓய்வூதியம், குடும்பம், அமைதியாக உள்ளிருந்தே பணியாற்றலாம் என்ற சமாதானம் எனப் பலவகைக் காரணங்களால் ஏனையோர் கையொப்பமிட்டனர். அவ்வுறுதிமொழி தனி விரிவுரையாளரிடமும் கேட்கப்பட்டபோது, 1934 ஜனவரி 8 அன்று லெயோனே சிறு கடிதமொன்று எழுதினார். தாம் விரும்பி ஆற்றும் கற்பித்தல் பணிக்கு அறிவுத் துறை சார்ந்தவை தவிர வேறு நிபந்தனைகளை ஏற்க இயலாது என்பது அதன் சாரம். அறைகூவலோ ஆவேசமோ இல்லாத அக்கடிதம் அவருடைய பல்கலைக்கழக வாழ்வை முடித்து வைத்தது.

இரண்டே மாதத்தில் சிறையும் வந்தது. சுவிஸ் எல்லையில் தடைசெய்யப்பட்ட வெளியீடுகளோடு இயக்கத்தவர் ஒருவர் பிடிபட, தூரினில் கைதுகள் தொடர்ந்தன. சிறப்பு நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுத் தண்டனை விதித்தது. பொது மன்னிப்பால் அது இரண்டாகக் குறைய, சிவித்தாவெக்கியா சிறையில் அதைக் கழித்து 1936இல் வெளிவந்தார். மீண்டும் அவர் அமர்ந்தது ஐனாவ்தி பதிப்பகத்தில். 1933இல் ஜூலியோ ஐனாவ்தி அதைத் தொடங்கியபோது தோள் கொடுத்தவர் அவரே. மெய்ப்புத் திருத்துவதும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும் அரசியற் போரினின்று வேறான பணி என அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. பொய் பேசுதலே அரசின் மொழியாகிவிட்ட நாட்டில், சொல்லைச் செவ்வையாக வைப்பதும் ஓர் எதிர்ப்பே அன்றோ!

1938இல் நத்தாலியா லேவியை மணந்தார். அவ்வாண்டே இனச் சட்டங்கள் வந்தன. எக்குடியுரிமைக்காகக் காத்திருந்தாரோ அது பறிக்கப்பட்டது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், அப்ரூத்சி மலைப்பகுதியின் பிட்சோலி என்னும் சிற்றூரில் கட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மனைவியும் மக்களும் அங்கு வந்து சேர்ந்தனர். வகுப்பறை பறிக்கப்பட்டவரை அவ்வூர் உழவர் 'பேராசிரியர்' என்றே அழைத்தனர். எதில் பேராசிரியர் என்று அவர்களுக்குத் தெரியாது. பல் பிடுங்க உகந்த பருவம் முதல் வரி விவகாரம் வரை அவரிடம் வந்து கேட்டனர். பனிக்கால இரவுகளில் அவர் 'போரும் அமைதியும்' மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். 1942இல் வெளிவந்த அந்நூலில் அவர் பெயரை அச்சிட இயலவில்லை. அதே ஆண்டு நத்தாலியாவின் முதல் நாவலும் புனைபெயரிலேயே வெளிவந்தது.

1943 ஜூலையில் முசோலினி வீழ்ந்ததும் லெயோனே ரோம் சென்று செயற்கட்சியின் மறைவுப் பணிகளில் ஈடுபட்டார். செப்டம்பரில் நகரை ஜெர்மானியர் கைப்பற்றினர். 'சுதந்திர இத்தாலி' என்னும் மறைவிதழை நடத்திவந்த அவர், நவம்பர் 20 அன்று அச்சகத்தில் கைதானார். பொய்ப்பெயர் சில நாட்களே காத்தது. ரெஜினா சேலி சிறையின் ஜெர்மானியப் பிரிவில் அவர் வதைக்கப்பட்டார். பிற்காலத்தில் இத்தாலியக் குடியரசுத் தலைவரான சாந்த்ரோ பெர்த்தினி அப்போது அங்கே கைதி. குருதி வழிய வந்த லெயோனே, நாளை ஜெர்மானிய மக்கள் அனைவரையும் வெறுத்துவிடலாகாது, மக்கள் வேறு நாஜிகள் வேறு என்று தம்மிடம் கூறியதாக அவர் பதிவு செய்துள்ளார்.

1944 பிப்ரவரி 5 அன்று சிறை மருத்துவப் பகுதியில் லெயோனே இறந்தார். வயது முப்பத்து நான்கு. மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், உள்ளே கட்டிநிற்கும் கண்ணீரை இலக்கியப் படைப்பு கரைக்கும் என்றும், பொதுப்பணி பிற மனிதரோடு பிணைக்கும் என்றும் குறிப்பிட்டு, துணிவோடிருக்க வேண்டினார். அவ்வாண்டின் இறுதியில் நத்தாலியா கணவர் இறப்பைக் குறித்து எழுதிய கவிதை இதழொன்றில் வெளிவந்தது. அவர் ஐனாவ்தி பதிப்பகத்தில் பணியேற்றார். அங்கே பதிப்பாளரின் அறைச் சுவரில், தலை சற்றே சாய்ந்து, மூக்குக்கண்ணாடி இறங்கியிருக்க, லெயோனேயின் சிறு படமொன்று மாட்டப்பட்டிருந்தது.