ரவையும் மனிதனும்: 1932ஆம் ஆண்டுத் தீர்மானமொன்றினை முன்வைத்துச் சில குறிப்புகள்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் மேதைமையையும் அவற்றின் தாக்கும் ஆற்றலையுமே முதன்மைப்படுத்துவர். ஒரு படை எந்த விட்டமுள்ள றைபிளைத் தெரிவு செய்கின்றது என்பது போர்க்களத்தில் மட்டுமன்றி, ரவைக் களஞ்சியத்திலும் தொழிற்சாலையிலும் தீர்மானிக்கப்படுவதை அவர்கள் போதியளவு கருத்திற் கொள்வதில்லை. இதனை விளக்குதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 1932இல் எடுக்கப்பட்ட தீர்மானமொன்றினை நாம் இங்கு நோக்குவோம்.

முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படை பயன்படுத்திய ரவை 1906இல் ஏற்கப்பட்டது. அதன் விட்டம் .30 அங்குலம், அதாவது 7.62 மில்லிமீற்றர். போரின் பின்னர், சுட்டதும் தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் றைபிளொன்றினை அப்படை நாடியது. இதற்கென ஜோன் பீடர்சன் .276 அங்குல விட்டமுள்ள சிறிய ரவையொன்றை வடிவமைத்தார். மயக்கமூட்டப்பட்ட பன்றிகள்மீது சுட்டு 1928இல் நடத்தப்பெற்ற பரிசோதனைகள், சிறிய சன்னம் ஆற்றலிற் குறைந்ததன்று எனக் காட்டின. ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையிற் பணியாற்றிய ஜோன் கராண்டும் இந்த ரவையில் பத்தினைக் கொள்ளும் றைபிளொன்றை ஆக்கினார். இலேசான ரவையால் தோளில் உதைப்புக் குறையும். ஒரே பாரத்திற் கூடுதலான ரவைகளைச் சுமக்கவும் இயலும். 1932இன் தொடக்கத்தில் இதனைப் பரிசீலித்த குழு .276 விட்டக் கராண்ட் றைபிளையே விதந்துரைத்தது.

ஆயின் தரைப்படைத் தலைமை அதிகாரியாகிய டக்ளஸ் மக்ஆதர், அவ்வாண்டு பெப்ரவரியில் அவ்விதந்துரையை நிராகரித்தார். போர்க்காலத்தில் உற்பத்தியாகி எஞ்சிய .30 ரவைகள் 200 கோடிக்கு மேற்பட்டிருந்தன. இயந்திரத் துப்பாக்கிகளும் அதே ரவையையே பயன்படுத்தின. பொருளாதார நெருக்கடி உச்சநிலையிலிருந்த வேளையில் இருவகை ரவைகளை உற்பத்தி செய்து வழங்குவது வீண்செலவாகவே கருதப்பட்டது. எனவே .30 விட்ட வடிவமே தொடர்ந்து விருத்தி செய்யப்பட்டு, எட்டு ரவைகள் கொள்ளும் எம்-1 றைபிளாக 1936 ஜனவரியில் ஏற்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு முரண் நம் கவனத்திற்குரியது. பழைய ரவைகளையே பயிற்சியில் முதலிற் செலவிட வேண்டும் என்பது படையின் விதி. அதன்படி, புதிய றைபிள் ஏற்கப்பட்ட காலமளவில் போர்க்காலக் கையிருப்பு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அவ்வாறாயின் தீர்மானத்தின் அடித்தளம் யாது? களஞ்சியத்திற் கிடந்த ரவைகள் மாத்திரமன்று. அவற்றை ஆக்கும் பொறிகளும், அவ்விட்டத்திற்கேற்ப அமைந்த துப்பாக்கிகளும், பழகிய தொழிலாளரின் திறனுமேயாகும். கடந்தகால உழைப்பு பொருளாக உறைந்து நிகழ்காலத்தின் தெரிவுகளைக் கட்டுப்படுத்தும் நிலையினை நாம் இங்குக் காண்கிறோம்.

இது முதலாளித்துவ நாடுகளுக்கு மாத்திரம் உரியதன்று. ரஷ்யாவில் விளாடிமிர் பெடறோவ் தம் தானியங்கி றைபிளுக்கெனத் தனி ரவையொன்றை வடிவமைத்திருந்தார். போர்க்காலத்தில் அதனை உற்பத்தி செய்ய இயலாமையால், கைக்கெட்டும் நிலையிலிருந்த ஜப்பானிய 6.5 மில்லிமீற்றர் ரவைக்கேற்பத் தமது றைபிளை மாற்றியமைத்தார். புரட்சியின் பின்னரும் தொடர்ந்த அதன் உற்பத்தி 1920களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. சோவியத் அரசும் ஜாரின் காலத்து 1891ஆம் ஆண்டு ரவையையே தன் படைக்குப் பொதுவாக்கியது. உற்பத்திச் சக்திகளின் மரபுரிமையை ஒரே நாளில் உதறிவிட இயலாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எனவே மக்ஆதரின் தீர்மானத்தை அறிவீனமெனக் கூறுவது பொருந்தாது. அந்த றைபிள் இரண்டாம் உலகப் போரிற் சிறப்பாகவே பயன்பட்டது. நாம் எழுப்பும் வினா வேறு: அரசு எதனைச் சொத்தாகவும் எதனைச் சுமையாகவும் கணித்தது?

அதே 1932இல், முதலாம் உலகப் போரிற் பணியாற்றிய முன்னாட் படைவீரர் பல்லாயிரவர் வாஷிங்ரனிற் கூடினர். 1945இல் வழங்கப்படவிருந்த கொடுப்பனவை உடனே வழங்குமாறு கோரிய அவர்களிற் பலர் வேலையற்றோர். ஜூலை 28ஆந் திகதி குதிரைப்படை, தாங்கிகள், கண்ணீர்ப்புகை ஆகியவற்றுடன் அவர்களை விரட்டிய படையை முன்னின்று நடத்தியவரும் மக்ஆதரே. அவர்களது குடிசைகள் தீக்கிரையாயின.

ஒரே போரின் எச்சங்கள் இரண்டு. எஞ்சிய ரவை பேணத்தக்க செல்வமாயிற்று. எஞ்சிய மனிதன் அகற்றத்தக்க சுமையானான். சிக்கனம் என்ற ஒரே சொல் இரண்டையும் நியாயப்படுத்திற்று. எனினும் ரவைக்கு இல்லாத ஓர் ஆற்றல் மனிதனுக்கு உண்டு: அவன் ஒன்றுசேர்ந்து மீண்டும் கேட்பான். எம்-1 றைபிள் ஏற்கப்பட்ட அதே 1936 ஜனவரியில், ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அக்கொடுப்பனவுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. படைக்கல வரலாறு இவ்விரு கணக்குகளையும் ஒருங்கே வாசிக்கும்போதே சமூக வரலாறாகின்றது.