வேட்டை நிலத்திலிருந்து போட்டித் திடலுக்கு

வொர்க்கிங் ஹன்ட்டர் என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரைக் கண்காட்சிகளில் நடைபெறும் ஒரு போட்டிப் பிரிவு. வேட்டை நிலத்தில் எதிர்ப்படும் வேலி, படல், மரக்கட்டை, நீர்க்குழி போன்ற தடைகளைத் திடலில் அமைத்து, குதிரை அவற்றை நிதானம் தவறாமல் தாண்டுகிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு உடற்கட்டையும் நடையையும் மதிப்பிடுகிறார்கள். பிரிட்டனில் நடுவரே ஏறி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு மனிதரை நாள் முழுவதும் கரடுமுரடான நிலத்தில் பத்திரமாகச் சுமக்க இக்குதிரை தகுதியானதா என்பதே கேள்வி. முதல் போட்டிக்குக் குதிரையையும் சவாரியாளரையும் தயார்செய்யும் முறைகளில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் லாயங்களில் உருவானது.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செந்நரி வேட்டை வேகம் பிடித்தது. லெஸ்டர்ஷையரில் 1753 முதல் குவார்ன் வேட்டைக் குழுவை நடத்திய ஹியூகோ மெய்னெல் மோப்பமும் விரைவும் ஒருங்கே அமைந்த நாய்களை வளர்த்தெடுத்தார். அந்த நாய்களுக்கு ஈடுகொடுக்கக் குதிரைகளும் நாலுகால் பாய்ச்சலில் ஓட வேண்டியிருந்தது. அதே காலத்தில் நிலமும் மாறியது. பொது மேய்ச்சல் வெளிகளையும் திறந்த வயல்களையும் தனியுடைமையாக்கிய நில அடைப்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. அடைக்கப்பட்ட வயல்களைச் சுற்றி முள்வேலியும் மரச்சட்ட வேலியும் வாய்க்காலும் எழுந்தன. நாய்களைப் பின்தொடர வேண்டுமானால் இவற்றைத் தாண்டியே ஆகவேண்டும். அதுவரை அரிதான திறமையாக இருந்த தாண்டல், வேட்டைக் குதிரையின் அன்றாட வேலையானது.

இவ்வேலைக்குப் பந்தயக் குதிரையின் வேகம் மட்டும் போதவில்லை. உழவுக் குதிரையின் பலம் மட்டும் இருந்தாலும் போதவில்லை. எனவே பந்தய இனமான தரோபிரெட் ஆண்குதிரைகளை உள்ளூர்ப் பெண்குதிரைகளோடு சேர்த்து வளர்த்தனர். அயர்லாந்தில் உழவுக்கும் வண்டிக்கும் பயன்பட்ட ஐரிஷ் டிராஃப்ட் இனத்தோடு தரோபிரெட் கலந்து பிறந்த குதிரை, வேட்டைக்கு ஏற்றதென்று பெயர் பெற்றது. சுமக்கும் திறனைக் கொண்டு குதிரைகளை வகைப்படுத்தும் வழக்கம் இன்றைய கண்காட்சிகளிலும் நீடிக்கிறது: சுமார் 79 கிலோ வரை சுமப்பவை எடைகுறைந்த பிரிவு, 89 கிலோ வரை நடுப்பிரிவு, அதற்கு மேல் கனத்த பிரிவு.

வேட்டைப் பருவம் குளிர்காலத்துக்கு உரியது. பருவம் முடிந்ததும் கோடை முழுவதும் குதிரையைப் புல்வெளியில் விட்டுவிடுவது பழைய வழக்கம். பச்சைப்புல் தின்று வயிறு பருத்த குதிரை இலையுதிர்காலத்தில் திரும்பும்போது சில நிமிட ஓட்டத்திலேயே மூச்சு வாங்கியது. 'நிம்ராட்' என்ற புனைபெயரில் எழுதிய சார்லஸ் ஜேம்ஸ் ஆப்பர்லி 1820களில் இதைக் கடுமையாக எதிர்த்தார். கோடையிலும் லாயத்தில் வைத்து, ஓட்ஸும் உலர்புல்லும் கொடுத்து, அளவான பயிற்சியைத் தொடர்ந்தால்தான் குதிரையின் உடல் இறுகும் என்பது அவர் வாதம். முழு ஓய்வை விரும்பியவர்களும் பருவத்துக்கு முன் நீண்ட தயாரிப்பின் அவசியத்தை ஏற்றுக்கொண்டனர். முதல் சில வாரங்கள் சாலையில் நடை மட்டுமே. அதில் கால் தசைநார்கள் உறுதிப்படும். அடுத்துத் துள்ளுநடை, மேடேற்றம், கடைசியில்தான் பாய்ச்சல். குளிர்காலத்தில் தடித்து வளரும் மயிரைக் கத்தரிப்பதும் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. வியர்வை விரைவில் உலர உடல் மயிரை வெட்டினர்; முள் கீறாமலிருக்கக் கால்களிலும், சேணம் உராயாமலிருக்க முதுகிலும் விட்டுவைத்தனர்.

குதிரையின் தகுதியைப் பலர் முன்னிலையில் சோதிக்கும் வழக்கம் கண்காட்சிகளோடு வந்தது. 1868இல் ராயல் டப்ளின் சங்கம் லெய்ன்ஸ்டர் மாளிகை வளாகத்தில் நடத்திய காட்சியில் உயரத் தாண்டல், அகலத் தாண்டல், கற்சுவர் தாண்டல் ஆகியவை இடம்பெற்றன. வேட்டைக் குதிரைகளின் திறனைச் சோதிக்கவே அவை வைக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1885இல் தொடங்கிய வேட்டைக் குதிரை மேம்பாட்டுச் சங்கம் நல்ல ஆண்குதிரைகளுக்குப் பரிசளித்து இனவளர்ப்பை ஊக்குவித்தது. நாளடைவில் இரு போக்குகள் பிரிந்தன. தாண்டல் தனி விளையாட்டாக வளர்ந்தது. காட்சி வேட்டைக் குதிரையோ எந்தத் தடையையும் தாண்டாமல் அழகுக்கும் நடைக்கும் பரிசு வாங்கியது. அழகையும் உழைப்பையும் மறுபடி ஒரே குதிரையிடம் கேட்பது வொர்க்கிங் ஹன்ட்டர் பிரிவு.

சவாரியாளர் அமரும் முறையும் மாறியது. தடையைத் தாண்டும்போது உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பதே பழைய வழக்கம். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி, அது குதிரையின் முதுகையும் வாயையும் வருத்துவதைக் கண்டார். அங்கவடியைக் குட்டையாக்கி, எடையை முன்னே கொண்டுசென்று, குதிரை கழுத்தை நீட்ட இடம்கொடுக்கும் முறையை வகுத்தார். 1907இல் அவர் இறந்த பின் அது உலகெங்கும் பரவியது. பெண்களுக்கான மாற்றம் அதற்கு முன்பே வந்தது: 1830 வாக்கில் ஒருபக்கச் சேணத்தில் இடத்தொடையைத் தாங்கும் கூடுதல் கொம்பு பொருத்தப்பட்ட பிறகே அவர்களால் அதில் பாதுகாப்பாகத் தாண்ட முடிந்தது.

முதல் போட்டிக்கான இன்றைய தயாரிப்பில் இவை அனைத்தும் சுருங்கிய வடிவில் உண்டு. நடையில் தொடங்கிப் பாய்ச்சலில் முடியும் உடற்பயிற்சிக்குப் பிறகு தாண்டல் பழக்கப்படுகிறது. புதியவர்களுக்கான தடைகள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். உயரத்தைவிடத் தோற்றமே குதிரையை மிரட்டும் என்பதால் படல், புதர், நீர்க்குழி ஒவ்வொன்றும் முன்கூட்டியே காட்டப்படுகிறது. நடுவர் ஏறுவார் என்பதால் வேற்றாட்களையும் ஏற்றிப் பழக்குகிறார்கள். மற்ற குதிரைகளோடு சேர்ந்து ஓடவும், வரிசையில் அமைதியாக நிற்கவும், சேணம் கழற்றிய நிலையில் கைப்பிடியில் ஓடிக்காட்டவும் கற்றுக்கொடுக்கிறார்கள். கழுத்தின் வடிவம் தெரியப் பிடரி மயிரைப் பின்னுகிறார்கள். சவாரியாளர் வேட்டை உடையின் வழிவந்த ட்வீட் கோட்டு அணிகிறார்.

நிலம் வேறானால் சோதனையும் வேறாகும் என்பதற்கு நீலகிரி சான்று. ஆங்கிலேயர் உதகையில் நடத்திய வேட்டையில், செந்நரி இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினர். அவ்வேட்டை நடந்த வென்லாக் புல்வெளிகளில் வேலிகள் இல்லை. செங்குத்துச் சரிவுகளும் சதுப்புகளுமே ஆபத்து. அங்கே தாண்டும் திறனைவிடக் கால் வைக்கும் இடமறியும் நிதானம் குதிரைக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவில் மாற்றம் வேறு திசையில் நடந்தது. அங்கு ஹன்ட்டர் பிரிவு, சீரான தாளத்தையும் தாண்டும் பாணியையும் மதிப்பிடும் திடல் கலையாக வளர்ந்தது.

2004இல் நிறைவேறிய சட்டம், 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டுவிலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்தது. போட்டிப் பிரிவு அதனால் நின்றுவிடவில்லை. வேட்டை நிலத்தையே காணாத குதிரைகளும் இன்று அதில் பங்கேற்கின்றன. உறுதியான கால், அடங்கிய சுபாவம், அச்சமற்ற தாண்டல் ஆகிய மூன்றும் சவாரிக் குதிரை எதற்கும் வேண்டிய குணங்கள் என்பதால், வேட்டைக்காக வகுக்கப்பட்ட அளவுகோல் வேட்டை இல்லாமலும் செல்லுபடியாகிறது.